தரைவிரிப்பில் காபி கொட்டினால்: ஒற்றி எடுப்பதிலிருந்து உலர்த்துவது வரை

எங்கள் வீட்டின் முன்னறையில் சுவரோடு சுவராக ஒட்டிய நைலான் கார்ப்பெட் இருக்கிறது. படிக்கும் அறையில் கம்பளியால் நெய்த விரிப்பு ஒன்று கிடக்கிறது. வீட்டில் எல்லோருமே காபி குடிப்பவர்கள், அதிலும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நடமாடுபவர்கள் என்பதால், காபிக் கறையோடு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. இத்தனை காலத்தில் உறுதியாகத் தெரிந்துகொண்டது இதுதான்: கறை போகுமா, தங்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, கொட்டிய சில நிமிடங்களுக்குள் எவ்வளவு காபியை வெளியே எடுத்தோம் என்பதே, அதன்மேல் எதைப் பூசினோம் என்பது அதற்கு அடுத்தபடிதான். வீட்டுக் குறிப்புகள் பலவும் பூச வேண்டியதைப் பற்றியே விரிவாகப் பேசிவிட்டு, எடுக்க வேண்டியதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. நல்ல விரிப்புகள் பாழாவது பெரும்பாலும் அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

காபி ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டால், செய்ய வேண்டியவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும். கொட்டையில் இயல்பாக உள்ள குளோரோஜெனிக் அமிலங்களும், வறுக்கும்போது உண்டாகும் மெலனாய்டின் எனப்படும் பழுப்பு நிறப் பொருள்களும் காபியில் கரைந்திருக்கின்றன. கறை நீக்கும் தொழிலில் இருப்பவர்கள் இதைத் தேநீர், சிவப்பு ஒயின் ஆகியவற்றோடு சேர்த்து டானின் கறை என்கிறார்கள். காபி சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 5. ஆலைகளில் நைலானுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்றுவதும் சூடான, அமிலத்தன்மையுள்ள நீரில்தான். ஆகவே ஆவி பறக்கும் காபி இவ்விரு இழைகளின்மேல் விழும்போது, சாயம் ஏறுவதற்கு வேண்டிய சூழல் ஏறத்தாழ முழுமையாகவே அமைந்துவிடுகிறது. பாலிப்ரொப்பிலீன் விரிப்புகளின் கதை வேறு. அவற்றின் நிறம் இழையாக நூற்கப்படுவதற்கு முன்பே, உருகிய நிலையிலேயே கலக்கப்பட்டிருக்கும். நீரில் கரைந்த சாயம் பிடித்துக்கொள்ள அந்த இழையில் இடமே இல்லை. அதனால் காபி இழைகளுக்கு நடுவே தேங்குமே தவிர உள்ளே ஏறாது. நம் காலடியில் இருப்பது எந்த இழை என்று தெரிந்துகொள்வது இந்தக் காரணத்தால்தான் முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கொட்டிய உடனே செய்ய வேண்டியது ஒற்றி எடுப்பது. இதற்கென்றே பழைய வெள்ளைப் பருத்தித் துணிகளைத் துவைத்து மடித்து ஓரிடத்தில் வைத்திருக்கிறோம். எங்கே இருக்கிறது என்பது குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் தெரியும். வெள்ளைத் துணி வேண்டும் என்பதற்குக் காரணங்கள் இரண்டு. வண்ணத் துணியின் சாயம் விரிப்பில் இறங்கிவிடக்கூடும். வெள்ளையில்தான் இன்னும் எவ்வளவு காபி வருகிறது என்பதும் தெரியும். துணியை நான்காக மடித்துக் கறையின்மேல் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் உடல் எடை இறங்குமாறு அழுத்திச் சற்று நேரம் பிடிக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் விரிப்பின் இழை வரிசைகள் அப்படியே பழுப்புப் புள்ளிகளாகத் துணியில் பதிந்திருக்கும். மடிப்பைத் திருப்பி உலர்ந்த பகுதியை வைத்து மறுபடி அழுத்தினால் புள்ளிகள் சற்று வெளிறும். துணியில் ஈரமே பதியாத நிலை வரும்வரை இதைத் தொடர வேண்டும். கையால் அழுத்திக் களைத்துவிட்டால், துணியை விரித்து அதன்மேல் ஏறி நிற்பது இன்னும் நன்றாக வேலை செய்யும். கறையின் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். நடுவிலிருந்து வெளியே போனால் கறையின் வட்டம் பெரிதாகும்.

தேய்ப்பது கூடவே கூடாது. பதற்றத்தில் கை தானாகவே தேய்க்கத்தான் போகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தேய்க்கும்போது காபி இழையின் அடிவரை இறங்குவது ஒரு பக்கம். முறுக்கிய இழைகள் பிரிந்து நுனி சிலிர்த்துக்கொள்வது இன்னொரு பக்கம். கறை முழுவதுமாகப் போன பிறகும், சிலிர்த்த இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, அங்கே ஒரு மங்கிய திட்டு இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். அதற்கு மருந்து கிடையாது.

ஒற்றி முடிந்ததும் வெறும் தண்ணீர். அதையும் ஊற்றாமல் தெளிப்பானால் தெளித்தோ, நனைத்துப் பிழிந்த துணியால் தொட்டோ கொடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் கறை நீர்த்துப்போகும் என்று தோன்றலாம். உண்மையில் அந்தத் தண்ணீர் காபியையும் சுமந்துகொண்டு இழைகளைத் தைத்திருக்கும் அடித்துணிக்கும், அதற்குக் கீழே உள்ள மெத்தைக்கும் போய்விடும். அங்கிருந்து அதை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. தண்ணீர் குளிர்ந்ததாகவோ, மிஞ்சிப்போனால் கை பொறுக்கும் இளஞ்சூடாகவோ இருக்கட்டும். பால் சேர்த்த காபி என்றால் சூடு அறவே வேண்டாம், ஏனெனில் பாலின் புரதம் சூட்டில் இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும். நீராவிக் கருவியை எடுத்தவுடன் பயன்படுத்துவதை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம்.

தண்ணீருக்கு அடங்காத கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். நிறமற்றதாக, வெளுப்பான் கலக்காததாக இருக்க வேண்டும். அளவுதான் இங்கே முக்கியம்: ஒரு கோப்பைத் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி. இவ்வளவு குறைவாகவா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, போடுவது எளிது, எடுப்பதுதான் கடினம் என்பதே. விரிப்பைத் துணியைப் போலக் குழாயடியில் அலச முடியாது. இழைகளில் தங்கிய சோப்புக் கலவை காய்ந்ததும் பிசுபிசுப்பாகி, நடப்பவர்களின் காலடித் தூசியை எல்லாம் பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் கறை இருந்த அதே இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். கறை திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடியும் சோப்பைப் போட்டால் திட்டு இன்னும் வளரும். ஆகவே கலவையைத் தொட்டு ஒற்றிய பிறகு, வெறும் தண்ணீரைத் தொட்டு ஒற்றுவதை நுரை துளியும் வராத நிலைவரை செய்தே ஆக வேண்டும். குளியல் சோப்புக் கட்டியை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. டானின் கறைகளை அது இன்னும் கெட்டிப்படுத்திவிடும்.

சர்க்கரையும் இதே போன்றதொரு தொல்லையைத் தருகிறது. காபியின் நிறம் போன பிறகும் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் இழையில் இருக்கும். காய்ந்தால் ஒட்டும், ஒட்டினால் தூசி சேரும். சர்க்கரை தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பதால், நிறம் மறைந்த பிறகும் இரண்டொரு முறை கூடுதலாகத் தண்ணீர் தொட்டு ஒற்றிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. வேலை முடிந்ததா என்பதை நான் விரலால் தொட்டுத்தான் முடிவு செய்கிறேன்: காய்ந்த இடமும் பக்கத்து இடமும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் சரி, முறுமுறுப்பாக இருந்தால் இன்னும் ஏதோ தங்கியிருக்கிறது.

பால் விஷயத்தில் கொழுப்பு, புரதம் என இரண்டு உண்டு. கொழுப்பைப் பாத்திரத் திரவமே கவனித்துக்கொள்ளும். புரதத்துக்கு நொதி கலந்த சலவைத் திரவத்தை மிகவும் நீர்த்த அளவில் நைலான், பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் விரிப்புகளில் பயன்படுத்தலாம். கம்பளியிலும் பட்டிலும் அதைக் கொண்டு போகவே கூடாது. அந்த இழைகளும் புரதம்தான். பாலின் புரதத்தை உடைக்கும் நொதி இழையையும் விட்டுவைக்காது. பாலை முழுமையாக எடுக்காமல் விட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கிப் புளித்த வாடை கிளம்பும். வாடை வருகிறது, கறை தெரியவில்லை என்றால் பால் அடிமெத்தைக்கு இறங்கியிருக்கிறது என்றே பொருள். அப்போது மேற்பரப்பில் நறுமணப் பொடி தூவுவதால் பயன் இல்லை.

அடுத்து வெள்ளை வினிகர். டானின் கறைக்கு லேசான அமிலம் உதவுகிறது என்பது என் அனுபவத்திலும் உண்மை. ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, சோப்புக் கலவையால் ஒற்றி அலசிய பிறகு இதைத் தொட்டுச் சில நிமிடங்கள் விட்டு ஒற்றுகிறேன். மிச்சம் இருந்த இளமஞ்சள் நிறம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் துணிக்கு ஏறுகிறது. கம்பளி லேசான அமிலத்தைத் தாங்கும், காரத்தைத்தான் தாங்காது என்பதால் கம்பளி விரிப்புக்கும் இது ஏற்றது. விரிப்புக்குக் கீழே பளிங்குத் தரை இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை; வினிகர் பளிங்கின் மெருகை அரித்துவிடும்.

வினிகரோடு சமையல் சோடாவைச் சேர்த்துப் பொங்க விடும் முறையைப் பலரும் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். பொங்குவது கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால்தான் அந்த நுரை வருகிறது; வெளியேறுவது கரியமில வாயு, எஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். வினிகரால் கிடைத்திருக்கக்கூடிய பலனைச் சோடா தின்றுவிடுகிறது, அதன் வெள்ளைத் தூளோ இழைகளின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோடாவுக்குத் தனியாக ஒரு பயன் உண்டு: எல்லாம் முடிந்து விரிப்பு நன்றாகக் காய்ந்த பிறகும் லேசான வாடை இருந்தால், மேலாகத் தூவி ஓரிரவு விட்டு, தூசி உறிஞ்சியால் எடுத்துவிடலாம்.

இனிச் சொல்லப் போவதுதான் இந்த வேலையில் மிகவும் மனச்சோர்வு தரும் பகுதி. முன்னறைக் கார்ப்பெட்டில் ஒருமுறை பெரிய குவளை நிறையப் பால் காபி கவிழ்ந்தது. உடனே ஒற்றி, அலசி, சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, மறுநாள் காலையில் அதே இடத்தில் பழுப்பு வளையம் தெரிந்தது. மீண்டும் எடுத்தோம், மீண்டும் வந்தது. கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் நெடுநாள் இருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இழைகளை விரல்களால் இரண்டாக வகிர்ந்து அடியைக் காட்டினார். நுனி வெளுப்பாக இருக்க, அடித்துணியை ஒட்டிய பகுதி காபி நிறத்தில் ஈரமாக இருந்தது. “கறை போகவில்லை அம்மா, கீழே இறங்கியிருக்கிறது. ஈரம் மேலே வந்துதானே காய வேண்டும்? வரும்போது இதையும் கூட்டிக்கொண்டு வரும்” என்றார்.

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் போலத்தான் இது நடக்கிறது. இழையின் நுனியில் ஈரம் ஆவியாக ஆவியாக, அடியிலிருக்கும் ஈரம் நுண்புழை விசையால் மேலேறி வருகிறது; தண்ணீர் காற்றோடு போய்விடுகிறது, அது சுமந்துவந்த நிறம் நுனியில் தங்கிவிடுகிறது. அவர் சொன்ன தீர்வு, அந்த ஏற்றத்தைத் தடுக்காமல் நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வது. கறை இருந்த இடத்தை மிக லேசாக நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியையோ நிறமற்ற காகிதத் துவாலைகளையோ ஓர் அங்குலக் கனத்துக்கு அடுக்கி, அடுக்கின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்து, கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். அப்போது ஈரம் இழையின் நுனியோடு நிற்காமல் அடுக்குக்குள் ஏறிவிடுகிறது. நிறமும் அங்கேயே போய்ச் சேர்கிறது. பிளாஸ்டிக் தாள், புத்தகம் ஈரமாகாமலிருக்க; அதோடு புத்தக அட்டையின் சாயம் கீழே இறங்காமலிருக்கவும்தான். காலையில் அடுக்கைப் பிரித்தபோது, அடித்தாளில் தெளிவான பழுப்பு வட்டமும், மேலே போகப் போக மங்கிக்கொண்டே போகும் வட்டங்களும் இருந்தன. அன்றிலிருந்து எவ்வளவு சிறிய கறையானாலும், வேலை முடிந்ததும் எடை ஏற்றி வைக்காமல் விடுவதில்லை. எல்லாக் குறிப்புகளிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

யாரும் கவனிக்காமல் காய்ந்துபோன கறைக்கு வேறு அணுகுமுறை வேண்டும். காய்ந்த காபிக் கறையில் நடுப்பகுதி வெளிறியும், விளிம்பு அழுத்தமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளி காயும்போது விளிம்பு ஓரிடத்தில் பிடித்துக்கொள்ள, அங்கே இழக்கும் நீரை ஈடுசெய்ய உள்ளிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடி, துகள்களையும் இழுத்துச் சென்று அங்கே குவிக்கிறது. 1997 இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதை விளக்கி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வழவழப்பான பரப்பில் இது துல்லியமாகத் தெரியும். விரிப்பிலும் கறையின் ஓரம் நடுவைவிட அடர்த்தியாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஆகவே பழைய கறையில் என் உழைப்பில் பெரும்பகுதி ஓரத்துக்கே போகிறது. முதலில் தூசி உறிஞ்சியால் நன்றாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூசி ஈரத்தில் சேறாகும். பிறகு நனைத்துப் பிழிந்த துணியைக் கறையின்மேல் போட்டு, ஊறுவதற்குக் கொஞ்ச நேரம் கொடுத்த பின்பே ஒற்றத் தொடங்க வேண்டும். படிக்கும் அறையில் நாற்காலிக்குப் பின்னால் பல மாதங்கள் கிடந்த கருங்காபிக் கறை இப்படித்தான், சோப்புக் கலவையும் வினிகரும் மாறி மாறித் தொட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே முழுவதும் காயவிட்டு, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மறைந்தது. ஒரே நாளில் முடிக்க நினைத்து ஊறவைத்திருந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டிதட்டியிருக்கும்.

இதற்கும் அடங்காத நிறத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது; மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசல் போதும். இது காபியைக் கரைத்து எடுப்பதில்லை. நிறத்தைத் தரும் மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்து நிறமற்றதாக்குகிறது. கறையின் நிறத்தை அழிக்கும் அதே வேலையை விரிப்பின் சாயத்திலும் அது செய்யலாம் என்பதால், வெளிர் நிறச் செயற்கை இழை விரிப்புகளில் மட்டும், மறைவான மூலையில் சோதித்த பிறகு, சில துளிகளாகவே பயன்படுத்துகிறேன். கம்பளியில் நான் போடுவதில்லை. வினிகரோடு இதை ஒரே புட்டியில் கலந்து வைக்கக் கூடாது, பெர்அசெட்டிக் அமிலம் என்ற எரிச்சலூட்டும் பொருள் உண்டாகும். குளோரின் வெளுப்பானை விரிப்பின் பக்கமே கொண்டுவர வேண்டாம். கம்பளி அதில் கரைந்தே போகும், நைலான் சாயம் இழந்து மஞ்சளாகும். வினிகர் பட்ட இடத்தில் அதை ஊற்றினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சு ஆவிதான்.

இழை எது என்பது விரிப்பின் பின்புறச் சீட்டில் இருக்கும். சீட்டு இல்லையென்றால் ஓரத்திலிருந்து ஒற்றை இழையைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே வைத்துத் தீயில் காட்டலாம். கம்பளி முடி கருகும் வாடையோடு கருகிப் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக இறுகும். பருத்தியும் சணலும் காகிதம் எரியும் வாடை தரும். சாயம் உறுதியானதா என்று பார்ப்பதற்கு, பயன்படுத்தப் போகும் கலவையில் சில துளிகளை மறைவான மூலையில் இட்டு, வெள்ளைத் துணியை அதன்மேல் பத்து நிமிடம் அழுத்தி வைத்தால் போதும். துணியில் விரிப்பின் நிறம் ஏறினால் அந்தக் கலவை அந்த விரிப்புக்கு ஆகாது. புதிய கலவை எதுவானாலும், கடையில் வாங்கியதானாலும், இந்தச் சோதனையைத் தாண்டியே நடுவறைக்கு வருகிறது.

உலர்த்துவதையும் கறை நீக்கும் வேலையின் பகுதியாகவே எண்ண வேண்டும். ஒன்றிரண்டு நாளுக்குமேல் ஈரம் தங்கினால் பூஞ்சை தொடங்கிவிடும். எடுக்கக்கூடிய விரிப்பானால் ஓரத்தைத் தூக்கி அடியிலும் காற்றுப்படச் செய்து, மின்விசிறியைத் தாழ்வாக வைத்து ஓடவிடுவது நல்லது; மரத் தரைமேல் கிடப்பதென்றால் தரையையும் துடைத்துவிட வேண்டும். சணல் அடித்துணி கொண்ட விரிப்புகள் மெதுவாகக் காய்ந்தால், காபியே இல்லாவிட்டாலும் சணலின் பழுப்பு நிறம் மேலேறிப் புதுக் கறை போலத் தெரியும். காய்ந்தபின் இழைகளை விரலால் கோதி, மற்ற இடங்களைப் போலவே ஒரே திசையில் சாய்த்துவிடுகிறேன்.

பட்டு, விஸ்கோஸ், கையால் முடிந்த பழைய கம்பளம் ஆகிய மூன்றிலும் நான் உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றுவதோடு நிறுத்திக்கொள்வேன். விஸ்கோஸ் தண்ணீர் பட்டாலே வலுவிழந்து, இழை படிந்து மஞ்சளாகும். கைமுடிக் கம்பளத்தின் சாயம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. அங்கே தொழில் தெரிந்தவரை அழைப்பதே சரி. அழைக்கும்போது பால் சேர்த்த காபியா, சர்க்கரை இருந்ததா, எப்போது கொட்டியது, இதுவரை அதன்மேல் என்னென்ன பட்டிருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முன்பு பட்ட பொருள் எது என்று தெரியாமல் அடுத்ததைப் போடுவதில்தான் அவர்களுக்கும் சிக்கல் வருகிறது.